சி, டி, இ, எஃப் லினக்ஸுக்கும் வேண்டுமா? டிஸ்க்கைப் பிரிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

சேலத்தில் அசெம்பிள் செய்து வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில் ‘மை கம்ப்யூட்டர்’ திறந்தால் பெரும்பாலும் ஒரே பிரிப்புதான் தெரியும். சி டிரைவுக்கு 100 ஜிபி, மிச்சம் டி, இ, எஃப் என்று மூன்று சம பங்கு. விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை மட்டும் ஃபார்மேட் அடித்துவிட்டு மற்ற மூன்றையும் தொடாமல் விட்டுவிடலாம் என்பது கடைக்காரர் போட்ட கணக்கு. விண்டோஸுக்கு அது சரியான கணக்கே. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு வருகிறவர்கள் அந்தப் பழைய கணக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ரூட்டுக்கு (சிஸ்டமும் செயலிகளும் இருக்கும் பகுதி) 30 ஜிபி, ஹோமுக்கு (உங்கள் ஃபைல்களும் செட்டிங்குகளும்) 100, பூட்டுக்கு (கம்ப்யூட்டரைத் தொடங்கும் ஃபைல்கள்) 1, ஸ்வாப்புக்கு (ராம் நிரம்பினால் உதவும் இடம்) 8, டேட்டாவுக்கு இன்னும் இரண்டு பகுதி என்று பேப்பரில் கட்டம் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் ரூட் நிரம்பி அப்டேட் நின்றுவிடுகிறது. ஹோமில் 70 ஜிபி சும்மா கிடக்கிறது.

எத்தனை பார்ட்டிஷன், எவ்வளவு ஜிபி என்பது இரண்டாவது கேள்வி. இந்த டேட்டாவைத் தினமும் யார் தொடப்போகிறார்கள், விண்டோஸா லினக்ஸா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் கட்டங்கள் தானாக அழிந்துபோகும்.

சுவர் எந்தப் பக்கம் நகரும்

பார்ட்டிஷன் என்பது டிஸ்க்குக்குள் எழுப்பும் சுவர். எழுப்ப ஒரு நிமிடம் போதும். நகர்த்துவதில்தான் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பார்ட்டிஷன்களைப் பிரிக்கும் ஜிபார்ட்டட் கருவியின் படத்தில் ஒரு இஎக்ஸ்டி4 (லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷனுக்கு வலப்பக்கம், அதாவது அது முடிகிற இடத்தை ஒட்டிக் காலி இடம் இருந்தால் சில நொடிகளில் பெரிதாக்கிவிடலாம். காலி இடம் இடப்பக்கம் இருந்தால் பார்ட்டிஷனின் தொடக்கமே நகர வேண்டும். உள்ளே இருக்கும் தரவு அத்தனையும் படித்துத் திரும்ப எழுதப்படும். சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் 300 ஜிபி என்றால் மணிக்கணக்கு. நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். அதற்குப் பிறகு ரெகவரி சாஃப்ட்வேர்தான் கதி.

சுருக்குவதிலும் பேதம் உண்டு. இஎக்ஸ்டி4-ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது சுருக்க முடியாது, லைவ் யூஎஸ்பியிலிருந்து (லினக்ஸை நேரடியாக ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்துதான் செய்ய வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தை நடைமுறையில் சுருக்கவே முடியாது. சில சர்வர் வகை டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸின் வெவ்வேறு வகைகள்) அதை இயல்பாகத் தரும், கவனியுங்கள். ஆக, ஒவ்வொரு சுவரும் ஒரு ஊகம்: ‘இந்தப் பக்கம் இதற்கு மேல் தேவைப்படாது’ என்ற ஊகம். இரண்டு வருடம் கழித்து எவ்வளவு தேவைப்படும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதால், குறைந்த சுவர் உள்ள திட்டமே பெரும்பாலும் வெல்கிறது.

விண்டோஸை முழுக்கத் துடைத்துவிடுகிறவர்களுக்கு

ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ், ஹோம்ஸ்டே புக்கிங் மேசை, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் லேப்டாப். பிரவுசர், கடிதம், கணக்கு ஷீட், வாட்ஸ்அப் வெப் இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸை வைத்திருக்கக் காரணம் இல்லை. இங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

ஒரே ரூட் பார்ட்டிஷன் என்பது முதல் வழி. இன்ஸ்டாலரில் ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்தால் லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகிய டிஸ்ட்ரோக்கள் செய்வது இதைத்தான். பூட் ஆவதற்கான ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன், மிச்சமெல்லாம் இஎக்ஸ்டி4, ஸ்வாப் ஒரு ஃபைலாக அதற்குள்ளேயே. 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள எந்த மெஷினுக்கும் இதைவிட நல்ல திட்டம் இல்லை. 256 என்று டப்பாவில் போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 238 ஜிபிதான். அதை இரண்டாக வெட்டினால் இரண்டு பக்கமும் நெருக்கடி.

ஹோமைத் தனியாக வைப்பது இரண்டாவது வழி. பழைய கட்டுரைகள் எல்லாம் வற்புறுத்துவது இதையே. சிஸ்டத்தை மறுபடி ஏற்றும்போது ரூட்டை மட்டும் ஃபார்மேட் செய்து ஹோமை அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்பது இதன் லாபம். நிஜமான லாபம்தான், ஆனால் முன்போல் அடிக்கடி தேவைப்படுவதில்லை. மின்ட்டும் உபுண்டுவும் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே ஏறிவிடும். தவிர, பழைய ஹோமைப் புது டிஸ்ட்ரோவில் மாட்டினால் புள்ளி வைத்துத் தொடங்கும் மறைவு ஃபைல்களில் உள்ள பழைய செட்டிங்குகள் புது டெஸ்க்டாப்போடு முட்டிக்கொள்ளும். இரண்டு டிஸ்ட்ரோவுக்கு ஒரே ஹோம் வைப்பதை யோசிக்கவே வேண்டாம்.

இந்த வழியில் போகிறவர்கள் இடறும் இடம் ரூட்டின் அளவு. மின்ட் 20 ஜிபி போதும் என்று குறைந்தபட்சம் சொல்கிறது. அதே பக்கத்தில் 100 ஜிபி இருந்தால் வசதி என்றும் சொல்கிறது. முதல் எண்ணைப் பார்த்து 30 வைப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற பேக்கேஜ் முறைகள் வழியாக ஏற்றும் செயலிகள் இயல்பாக ரூட் பக்கம் உட்காருகின்றன. அவற்றின் ரன்டைம்கள் (செயலிகள் ஓடத் தேவையான துணை ஃபைல்கள்) சேர்ந்தால் பல ஜிபி. டாக்கர் (செயலிகளைத் தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) இமேஜ்களும் அங்கேயே. சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட்டை ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும்) முறையில் ஓட்டினால் அதன் ஸ்னாப்ஷாட்டுகளும் வேறிடம் சொல்லாவிட்டால் ரூட்டிலேயே விழும். முதல் ஸ்னாப்ஷாட் மட்டுமே சிஸ்டத்தின் அளவுக்குச் சமம். ஹோமைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் ரூட்டுக்கு 80 முதல் 100 ஜிபி கொடுங்கள். அதைக் கொடுக்க முடியாத சின்ன டிஸ்க்கில் பிரிக்காதீர்கள். 480 அல்லது 512 ஜிபிக்கு மேல் இருந்தால் பிரிப்பது தவறில்லை.

மூன்றாவது வழி பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். ஒரே பார்ட்டிஷன், அதற்குள் ரூட்டும் ஹோமும் இரண்டு சப்வால்யூம்களாக இருக்கும். நடுவே சுவர் கிடையாது. காலி இடம் இரண்டுக்கும் பொது. ஃபெடோரா டிஸ்ட்ரோ 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இயல்பாகக் கொடுப்பது இதுவே. மின்ட்டில் இன்ஸ்டாலரின் ‘சம்திங் எல்ஸ்’ பக்கம் போய் ரூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் தேர்ந்தெடுத்தால், டைம்ஷிஃப்ட் எதிர்பார்க்கும் பெயர்களோடு சப்வால்யூம்களை அதுவே அமைத்துவிடும். ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடிதான் ஆகும், மாறிய பகுதி மட்டுமே இடம் பிடிக்கும். அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது உடைந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்புவது சுலபம்.

குறைகளும் உண்டு. டேட்டாபேஸ் ஃபைல், விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் இமேஜ் மாதிரி ஒரே ஃபைலில் இங்கும் அங்கும் எழுதும் வேலைக்கு இது துண்டு துண்டாகிச் சோம்பும். சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் அது இன்னும் மோசம். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்காமல் விட்டால் ஃபைலை அழித்தும் இடம் திரும்பி வராது, ஏன் என்று புரியாமல் ஆள் தவிப்பார். எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம், அப்டேட் பயம் மூன்றும் இருந்தால் பிடிஆர்எஃப்எஸ். 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட்டிஸ்க்குமாக இருந்தால் இஎக்ஸ்டி4. ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். டிஸ்க் போனால் அதுவும் போகும்.

எல்விஎம்மையும் (டிஸ்க் இடத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய பங்குகளாக நிர்வகிக்கும் முறை) சிலர் சிபாரிசு செய்வார்கள். சுவரை நகர்த்தும் சிரமத்தை அது உண்மையிலேயே குறைக்கிறது. ஒரே டிஸ்க் உள்ள வீட்டு மெஷினுக்கு அது கொடுக்கும் கூடுதல் சிக்கல்தான் அதிகம். லேப்டாப்பின் டேட்டாவைப் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்ய விரும்பினால் மட்டும் அதைச் சந்திப்பீர்கள். மின்ட் இன்ஸ்டாலரின் தானியங்கி என்கிரிப்ஷன் முழு டிஸ்க்கையும் துடைத்து எல்விஎம்மோடு சேர்த்துத்தான் அமைக்கும், விண்டோஸை விட்டுவைக்காது. என்கிரிப்ஷன் வேண்டுமா என்பதை இன்ஸ்டாலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பின்னால் சேர்ப்பது கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்குவதுதான்.

ஒரே டிஸ்க்கில் இரண்டும்

செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடையில் டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட வேண்டும். இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவருக்கு டாங்கிள் குத்தி ஓடும் ஜக்கார்டு சாஃப்ட்வேர் வேண்டும். இவர்கள் விண்டோஸை விட முடியாது. ஒரே டிஸ்க் என்றால் இடம் எங்கிருந்து வரும்? சி-யைச் சுருக்கலாம், அல்லது இ, எஃப் இரண்டையும் பலி கொடுக்கலாம்.

கடைக்காரர் பிரித்த டிஸ்க்கில் இரண்டாவதே மேல். இ-யிலும் எஃப்-இலும் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இரண்டையும் டெலீட் செய்தால் ஒட்டினாற்போல் ஒரே காலி இடம் கிடைக்கும். சி-யைத் தொட வேண்டியதே இல்லை. அழிக்கும் முன் டிரைவ் எழுத்தை நம்பாமல் கீழே உள்ள பட்டைப் படத்தைப் பாருங்கள். எழுத்து வரிசையும் டிஸ்க்கில் இருக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

லேப்டாப்பில் பெரும்பாலும் சி மட்டும்தான் இருக்கும், அங்கே சுருக்கத்தான் வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசை தவறாமல் செய்யுங்கள். முதலில் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் கேட்காமலே ஆன் ஆகிவிடும். ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, டிக்ரிப்ட் முழுதாக முடியும்வரை பொறுங்கள். அடுத்தது ஹைபர்னேஷன், அதாவது ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷினை அணைப்பது. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் அதை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போய்விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையில் கிடக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது மவுன்ட்டே (இணைக்கவே) செய்யாது. ‘லினக்ஸில் டி டிரைவில் எழுத முடியவில்லை’ என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிறகு சி-யின் மேல் ரைட் கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’. கேட்கும் அளவு எம்பியில், 100 ஜிபிக்கு 1,02,400. சி-யில் 200 ஜிபி காலி இருந்தும் 20 ஜிபிக்கு மேல் சுருங்க மறுத்தால் நடுவில் நகர்த்த முடியாத ஃபைல்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள்: பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள், என்டிஎஃப்எஸ்ஸின் சொந்த அட்டவணை. பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்குங்கள். முடிந்ததும் திரும்ப ஆன் செய்யலாம். சுருக்கிய பிறகும் விண்டோஸுக்கு 30, 40 ஜிபி மூச்சுவிட இடம் மிஞ்ச வேண்டும், பெரிய அப்டேட்டுகள் அதைக் கேட்கும். காலியான இடத்தை அப்படியே ‘அன்அலொகேட்டட்’ ஆக விட்டுவிடுங்கள். ‘நியூ சிம்பிள் வால்யூம்’ போடாதீர்கள்.

பழைய போர்டுகளில், எச்61, எச்81 காலத்தவற்றில், இன்னொரு பொறி இருக்கிறது. விண்டோஸ் லெகசி மோடில் (பழைய பயாஸ் பூட் முறை) எம்பிஆர் டிஸ்க்கில் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறை) ஏறியிருக்கும். எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான். சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, ரெகவரி நான்கும் பிரைமரி என்றால் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் இன்ஸ்டாலர் அதை ‘அன்யூசபிள்’ என்று காட்டும். அந்த நிலையில் விண்டோஸில் புது பார்ட்டிஷன் போடப் பார்த்தால் டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று கேட்கும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் அதை ஏற்காது. டி-யைக் காலி செய்து அழித்து, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் (உள்ளே பல பார்ட்டிஷன்களை அடக்கும் உறை) போட்டு அதற்குள் லாஜிக்கலாக லினக்ஸை ஏற்றினால் போதும். இ, எஃப் ஏற்கெனவே லாஜிக்கலாக இருந்தால் இன்னும் சுலபம், லினக்ஸுக்கு லாஜிக்கல் பார்ட்டிஷனில் பூட் ஆவதில் தடையில்லை. புதிய அட்டவணை முறையான ஜிபிடி-க்கு மாற்ற மைக்ரோசாஃப்ட்டின் எம்பிஆர்2ஜிபிடி கருவி உண்டு, டேட்டா போகாது. ஆனால் மூன்று பிரைமரிக்கு மேல் இருந்தாலோ எக்ஸ்டெண்டட் இருந்தாலோ அது மறுத்துவிடும்.

எந்த மோட் என்று தெரிய விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டி ‘பயாஸ் மோட்’ வரியைப் பாருங்கள். லினக்ஸ் யூஎஸ்பியையும் அதே மோடில்தான் பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் லெகசியிலும் லினக்ஸ் யூஇஎஃப்ஐயிலும் (புதிய பூட் முறை) இருந்தால் கிரப் மெனுவிலிருந்து (தொடங்கும்போது எந்த சிஸ்டம் என்று கேட்கும் பட்டியல்) விண்டோஸுக்குப் போக முடியாது.

புது லேப்டாப்பில் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பற்றிய சந்தேகம் வரும். விண்டோஸ் அதற்குப் பல மெஷின்களில் 100 எம்பிதான் ஒதுக்கியிருக்கும். மின்ட், உபுண்டுவுக்கு அது போதும், கிரப் அங்கே வைப்பது சில எம்பிகள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ரூட்டிலேயே இருக்கிறது. பாப் ஓஎஸ் மாதிரி சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட்லோடரைப் பயன்படுத்துபவை கர்னலையே இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைக்கும் என்பதால் அவற்றுக்கு 100 எம்பி நிச்சயம் போதாது. ஒரே டிஸ்க் இரட்டை பூட் என்றால் முதல் வகையையே எடுங்கள். அந்த 100 எம்பியைப் பெரிதாக்கப் போனால் அதற்கு வலப்பக்கம் உள்ள சி-யையே நகர்த்த வேண்டிவரும்.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் ஸ்டோரேஜ் மோட் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டியில் இருக்கலாம். சாதாரண ஏஎச்சிஐ மோடுக்கு மாற்றும் முன் விண்டோஸை அடுத்த பூட்டில் சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

இரண்டு டிஸ்க் இருந்தால்

விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டும், செலவு செய்யக் கொஞ்சம் காசும் இருக்கிறது என்றால் மேலே சொன்ன சுருக்கும் வேலையையெல்லாம் மறந்துவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்குவதே என் கட்சி. டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிள் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸில் காலியான சாட்டா பவர் முனை ஒன்று போதும். பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) போடலாம், 9.5 மில்லிமீட்டரா 12.7-ஆ என்று அளந்து வாங்குங்கள். எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இயா என்று மேனுவலில் பாருங்கள். வடிவம் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாமல் போகலாம்.

இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இது மிகைப்பட்ட எச்சரிக்கை இல்லை. உபுண்டு வழி வந்த பழைய இன்ஸ்டாலர், பூட்லோடரை இரண்டாவது டிஸ்க்கில் போடச் சொன்னாலும் முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே போட்டுவிடும் என்பது தெரிந்த கோளாறு. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றினால் லினக்ஸ் எழாது. கேபிள் இல்லாவிட்டால் தவறு செய்ய வழியே இல்லை. முடிந்ததும் திரும்ப மாட்டி, எதில் போக வேண்டும் என்பதை எஃப்12, எஃப்11, எஃப்8, எஃப்9 இவற்றில் உங்கள் போர்டுக்கு உரிய கீயால் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு டிஸ்க் வைத்தால் விண்டோஸ் அப்டேட் லினக்ஸைத் தொடவே முடியாது என்று சொல்வது மட்டும் முழு உண்மை அல்ல. 2024 ஆகஸ்ட்டில் வந்த பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட் (கையெழுத்திட்ட பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்த பல இரட்டை பூட் மெஷின்களில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. அந்தத் தடை எழுதப்பட்டது டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் ஃபர்ம்வேரில். அதனால் தனி டிஸ்க்கும் தப்பவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அப்டேட் செய்து, மறுபடி ஆன் செய்வது அதற்கான தீர்வு.

எஸ்எஸ்டியில் லினக்ஸ், பழைய 1 டிபி ஹார்ட்டிஸ்க்கில் டேட்டா என்பது இங்கே மிகவும் வழக்கமான அமைப்பு. ஹோம் முழுவதையும் ஹார்ட்டிஸ்க்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரவுசரின் புரொஃபைலும் கேஷும் ஹோமில்தான் இருக்கின்றன. அவை ஹார்ட்டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டி வாங்கியதன் பலனில் பாதி போய்விடும். ஹோம் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். ஹார்ட்டிஸ்க்கை ஒரே இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனாக மவுன்ட் செய்து, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் கோப்புறைகளுக்கு மட்டும் அங்கிருந்து இணைப்புக் கொடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட் யூஸருக்கென்று, அதாவது நிர்வாகிக் கணக்குக்கென்று, ஒதுக்கி வைக்கும். 1 டிபியில் அது சுமார் 46 ஜிபி. சிஸ்டம் பார்ட்டிஷனில் அது தேவை. டேட்டா டிஸ்க்கில் வீண். டியூன்2எஃப்எஸ் கருவியால் 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம்.

பொது டேட்டா டிரைவ் தேவையா

இரட்டை பூட் வைப்பவர்கள் எல்லோரும் ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை நடுவில் பொதுவாக வைக்க ஆசைப்படுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது வேண்டாம். லினக்ஸ் விண்டோஸின் டிரைவைப் படிக்கும், எழுதும்; 2021-இல் வந்த 5.15 கர்னலிலிருந்து அதற்கு கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. டாலி டேட்டா விண்டோஸ் பக்கம் இருக்கட்டும், அதன் பேக்கப்பை லினக்ஸிலிருந்து எடுக்கலாம். மற்றதெல்லாம் லினக்ஸ் பக்கம். ஒரு திசையில் எட்டினால் போதும் என்றால் மூன்றாவது டிரைவுக்கு வேலை இல்லை.

இரண்டு பக்கமிருந்தும் தினமும் ஒரே டிசைன் ஃபைல்களைத் திறக்கிறவர்களுக்கு மட்டும் பொது டிரைவ் நியாயம். அதற்கு என்டிஎஃப்எஸ்ஸே சரி. பென்டிரைவ்களில் வரும் எக்ஸ்ஃபேட் முறையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள அதற்கு வழியில்லை. கோடை இடியின்போது மின்சாரம் போய்ப்போய் வரும் ஏற்காட்டில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பின் உள்டிஸ்க்கில் அதைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. எக்ஸ்ஃபேட் பென்டிரைவோடு நிற்கட்டும்.

விண்டோஸை முழுக்க விட்டவர்கள் பழைய என்டிஎஃப்எஸ் டிரைவுகளை அப்படியே வைத்துக்கொள்வது நீண்ட நாளுக்கு நல்லதல்ல. வேகம் காரணம் இல்லை. அதில் பிழை விழுந்தால் முறையாகச் சரிசெய்வது விண்டோஸின் செக்டிஸ்க்தான். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் மேலோட்டமான வேலை மட்டுமே செய்யும். அந்த மெஷினில் விண்டோஸ் இல்லையென்றால் செக்டிஸ்க்குக்கு யாரிடம் போவது?

மாற்றுவதற்கு வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்று இரவல் கிடைத்தால் சிறப்பு. கிடைக்காவிட்டால் ஒரே டிஸ்க்குக்குள் உருட்டி உருட்டித்தான் மாற்ற வேண்டும், அங்கே வரிசை முக்கியம். படத்தில் டி, இ, எஃப் என்று இடமிருந்து வலமாக இருந்தால் முதலில் காலி செய்ய வேண்டியது இடக்கோடியில் உள்ள டி. அதன் சரக்கை இ, எஃப்-இன் காலி இடத்தில் திணித்து, டி-யை இஎக்ஸ்டி4 ஆக்குங்கள். இ-யில் உள்ளதை அதற்குள் நகலெடுத்து, அளவையும் ஃபைல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இ-யை அழித்து, இஎக்ஸ்டி4-ஐ வலப்பக்கம் நீட்டுங்கள். பிறகு எஃப்-க்கும் அதே. வலப்பக்கம் நீட்டுவது நொடிகளில் முடியும். எஃப்-இலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் நகர்த்த வேண்டியிருக்கும். முன்பே சொன்ன மணிக்கணக்கும் ஆபத்தும் அங்கேதான். எப்படியானாலும் கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன், கணக்கு ஃபைல் மூன்றையாவது முதலில் வேறோர் இடத்தில் ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் இந்த நகலெடுப்பில் தனியாகத் தொல்லை கொடுக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் பெயருக்கு 255 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. இஎக்ஸ்டி4-இலும் பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் கணக்கு 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 85 குறிகள்தான். ‘தி’ என்பது த ஒன்று, இகரத்தின் மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறி என்பதால் கண்ணால் எண்ணினால் ஐம்பது சொச்சம் எழுத்திலேயே எல்லை வந்துவிடும். இறக்கிய பட்டிமன்ற வீடியோ, கோயில் கும்பாபிஷேக வீடியோ என்று முழு வாக்கியத்தையே பெயராகக் கொண்டவை ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று நின்றுவிடும். ‘ஸ்கிப் ஆல்’ அழுத்திவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து மூலத்தை அழித்தால் அவை போயே போச்சு. ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடச் சொன்னது இதற்காகவும்தான்.

ஸ்வாப்

தனி ஸ்வாப் பார்ட்டிஷன் இப்போது ஹைபர்னேட் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். அதற்கு ராம் அளவுக்குச் சற்று மேல் ஒதுக்க வேண்டும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் உபுண்டு, ஃபெடோரா கர்னல்கள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை என்பதால் பலருக்கு அந்த ஒதுக்கீடும் வீண். மற்றவர்களுக்கு 4 ஜிபி ஸ்வாப் ஃபைல் போதும், வேண்டும்போது பெரிதாக்கிக்கொள்ளலாம். 4 ஜிபி ராம் மெஷினில் இசட்ராமையும் (ராமுக்குள்ளேயே டேட்டாவைச் சுருக்கி வைக்கும் வசதி) சேர்த்தால் நன்றாக இருக்கும்.

‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தும் முன்

இரட்டை பூட்டில் மிகவும் விலை உயர்ந்த தவறு இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்வது. இருப்பதையே தேர்ந்தெடுத்து, பயன்பாடு ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்று மட்டும் சொல்லுங்கள். ஃபார்மேட் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. 16 எம்பி அளவில் ஒரு ரிசர்வ்டு பார்ட்டிஷனும் வலக்கோடியில் ரெகவரி பார்ட்டிஷனும் தெரியும், இரண்டையும் சீண்டாதீர்கள். லேப்டாப்பானால் சார்ஜரில், டெஸ்க்டாப்பானால் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தை முன்னதாகவே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால், இன்ஸ்டாலர் சி, டி என்று சொல்லாமல் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று காட்டும்போது அளவை வைத்து எது எது என்று அடையாளம் காணலாம். கடைசியாக, எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகப்போகிறது என்று இன்ஸ்டாலர் ஒரு சின்னப் பெட்டியில் பட்டியல் காட்டும். எவ்வளவு அவசரமானாலும் அந்தப் பட்டியலை அளவுகளோடு ஒப்பிட்டுப் படியுங்கள். நீங்கள் நினைக்காத பெயர் ஒன்று அதில் இருந்தால் ‘கோ பேக்’ இன்னும் வேலை செய்யும்.